'தனி' என்பது எதுவரை தனி?

ஹைதராபாத் நகரம் கடலுக்கு வெகு தொலைவில், தக்காணத்தின் கருங்கற்பாறை மீது அமைந்தது. தேசிய தகவலியல் மையம் தன் தேசியத் தரவு மையங்களுள் முதலாவதை 2008-ஆம் ஆண்டில் இங்கு நிறுவியது. 2022 நவம்பரில் அமேசான் நிறுவனமும், மும்பைக்கு அடுத்தபடியாக, இந்தியாவில் தன் இரண்டாவது தரவு மையத் தொகுதியை இங்கே திறந்தது. இத்தகைய நிலையங்களிலுள்ள கணினிகளின் பகுதிகளே, வலைத்தளம் நடத்த விரும்பும் அலுவலகங்களுக்கும் சிறு பதிப்பகங்களுக்கும் அளித்துதவப்படுகின்றன. அப்பகுதிக்கு ஆங்கிலத்தார் இட்ட பெயர் 'வர்ச்சுவல் பிரைவேட் சர்வர்'.

இதனை 'மெய்நிகர் தனியார் சேவையகம்' என்று தமிழில் எழுதுவோர் உளர். அது பிழை என்பது என் அபிப்பிராயம். 'தனியார்' என்றவுடன் அரசாங்கத்தைச் சாராத கம்பெனி என்றே நம்மவர் பொருள் கொள்வர். அரசாங்கத் தரவு மையம் ஓர் இலாகாவுக்கு ஒதுக்கித் தரும் மெய்நிகர்க் கணினியும் இவ்வகையினதே அன்றோ? இங்கு வேண்டுவது 'தனி' என்னும் சொல் மட்டுமே. ('சர்வர்' என்பதற்கு இலங்கைத் தமிழர் ஆளும் 'வழங்கி' சுருக்கமும் அழகும் வாய்ந்தது. ஆயினும் நம் பக்கத்தில் 'சேவையகம்' வேரூன்றிவிட்டது.)

சென்னையின் ஒண்டுக் குடித்தனங்களை அறிந்தவர்க்கு இப்பொருளை விளக்குதல் எளிது. பல வலைத்தளங்கள் ஒரே இயக்க முறைமையின்கீழ் வாழும் பொதுச் சேவையகம் ஒண்டுக் குடித்தனம் போன்றது. குழாயடியும் முற்றமும் எல்லோர்க்கும் பொது. மெய்நிகர்த் தனிச் சேவையகமோ, மாடிக் கட்டடத்தில் தனிக் கதவும் தனிப் பூட்டும் உள்ள பகுதி. ஹைப்பர்வைசர் என்னும் மென்பொருள் ஒரே கணினியின் செயலியையும் நினைவகத்தையும் வட்டையும் பங்கிட்டு, ஒவ்வொரு பங்கிலும் தனித்தனி இயக்க முறைமை நடக்கச் செய்கின்றது. மாசசூசெட்ஸ் மாநிலக் கேம்பிரிட்ஜில் ஐ.பி.எம். பொறியாளர்கள் 1960-களிலேயே இதனைச் செய்து காட்டினர். சாதாரணக் கணினிகளுக்கு இதனைக் கொணர்ந்தவற்றுள் ஒன்றாகிய 'சென்' மென்பொருள் 2003-இல் இங்கிலாந்துக் கேம்பிரிட்ஜில் வெளிவந்தது.

பூட்டு தனியானால் சாவியும் நம்மிடமே. இயக்க முறைமையின் குறைகளை அவ்வப்போது திருத்துதல், வேண்டாத வாயில்களை அடைத்தல், கடவுச்சொற்களைக் காத்தல் ஆகிய யாவும், வேறு ஏற்பாடு இல்லாதபோது, வாடகைக்கு எடுத்தவர் கடமையாம். வாடகை குறைவென்று மகிழும் அலுவலகங்கள் இவ்வேலைக்கு ஓர் ஆளையும் நியமிப்பதில்லை.

அடித்தளமோ தனியன்று. 2021 மார்ச் 10 அன்று பிரான்சு நாட்டு ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் தரவு மையக் கட்டடம் ஒன்று முற்றிலும் எரிந்தது. அங்கு மெய்நிகர்த் தனிச் சேவையகம் வைத்திருந்த வாடிக்கையாளர் ஒருவர், காப்புப் படிக்கெனத் தனியே கட்டணமும் செலுத்தியிருந்தார். அப்படி சேவையகத்திலிருந்து 'பௌதிக ரீதியாகப் பிரித்து' வைக்கப்படும் என்பது ஒப்பந்த வாசகம். படி இருந்ததோ அதே கட்டடத்தில்! இரண்டும் ஒருங்கே அழிந்தன. 2023-இல் லில் நகர வணிக நீதிமன்றம் அவருக்கு நட்டஈடு அளிக்குமாறு தீர்ப்புக் கூறிற்று. நட்டஈடு கிடைக்கலாம், எரிந்துபோன கோப்புகள் திரும்பி வாரா.

வழக்கின் உயிர்நிலை ஒரு சொல்லாயிருந்தமையை மொழிபெயர்ப்பாளன் என்ற முறையில் நான் மறக்கவியலவில்லை. பிரித்து வைத்தல் என்றால் வேறு பெட்டியிலா, வேறு அறையிலா, வேறு ஊரிலா? தமிழில் எழுதினும் இந்த ஐயம் அப்படியே நிற்கும். ஆதலின் நம் அலுவலக ஒப்பந்தங்களில் 'தனி இடம்', 'பாதுகாப்பான இடம்' போன்ற தொடர்களை நீக்கி, நகரின் பெயரையே எழுதுதல் வேண்டும். ஹைதராபாத்தில் இயங்கும் தளத்தின் காப்புப் படி மும்பையிலோ புணேயிலோ இருக்கும் என்று வெளிப்படையாகக் குறிப்பிடலாம். சேவையகத்தின் அந்நேர நிலையைப் பதிந்து வைக்கும் 'ஸ்நாப்ஷாட்' அதே வட்டில் இருப்பின், அதனைக் காப்புப் படியாகக் கணக்கிடலாகாது. காப்புப் படியிலிருந்து தளத்தை மீண்டும் எழுப்பிப் பார்க்கும் சோதனை ஆண்டுக்கு இருமுறையேனும் நடைபெறல் வேண்டும். இதற்காகும் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்த்துவிட்டால், பின்னர் நிதிப் பிரிவின் ஒப்புதலுக்காகக் காத்திருக்க வேண்டுவதில்லை.