சேமியா இல்லாத சேமியா

கடைத்தெருவில் சுக்கினி என்று ஒரு காய் விற்கிறார்களே, பார்த்தீர்களா? வெள்ளரிக்காய் மாதிரிப் பச்சைப் பசேலென்று இருக்கும். அதை நூல் நூலாகச் சீவி, பாஸ்டாவுக்குப் பதிலாகச் சாப்பிடுகிறார்கள். மாவுப் பண்டத்தைக் குறைக்க வேண்டியவர்களுக்கு நல்ல யுக்திதான். விலையைக் கேட்டதும் நான் பேசாமல் மூன்று சௌசௌ வாங்கிக் கொண்டு வந்துவிட்டேன்!

பாஸ்டா ஏதோ சீமைச் சரக்கு, நமக்கென்ன என்று நினைக்காதீர்கள். நாம் உப்புமாக் கிளறும் சேமியாவும் அதற்குத் தங்கைதான்; இரண்டும் கோதுமை. 100 கிராம் சேமியாவில் ஏறக்குறைய 75 கிராம் மாவுச் சத்து. வெந்து தண்ணீர் குடித்து ஊதிய பிறகும் 100 கிராமுக்கு 25 கிராம் நிற்கும். சௌசௌவிலோ சுமார் 5 கிராம். புடலங்காயில் அதைவிடக் குறைவு. மீதியெல்லாம் பெரும்பாலும் தண்ணீர்.

அந்தத் தண்ணீர்தான் நம்மை ஏமாற்றும். முதல் நாள் நான் செய்தது கூட்டாகிவிட்டது. "சேமியா ஊருக்குப் போயிருக்கிறதா?" என்று கேட்டார் இவர்.

இப்போது பக்குவம் தெரிந்துவிட்டது. சௌசௌவின் பிசின் கையில் ஒட்டும். எண்ணெய் தடவிக்கொண்டு தோலை எடுங்கள். காயை நீள வாட்டத்தில் மெல்லிசாகச் சீவி, ஏடுகளை அடுக்கி நூலாக நறுக்குங்கள். துருவ வேண்டாம், குழைந்துவிடும். ஒரு தேக்கரண்டி உப்புப் பிசறிக் கால் மணி நேரம் வைத்தால் தண்ணீர் விட்டுக்கொள்ளும். மெல்லிய துணியில் கட்டி, தயவு தாட்சண்யம் பாராமல் பிழியுங்கள். வாணலி நன்றாகக் காய்ந்த பின் நல்லெண்ணெயில் கடுகு, உளுத்தம்பருப்பு, பச்சை மிளகாய், இஞ்சி, கறிவேப்பிலை தாளித்து, காயைப் போட்டு மூன்றே நிமிஷம் புரட்டுங்கள். மூடவே கூடாது. இறக்கி, ருசி பார்த்த பிறகு உப்புப் போடுங்கள், எலுமிச்சம்பழம் பிழியுங்கள். வறுத்த வேர்க்கடலையோ பனீரோ சேர்க்காவிட்டால் ஒரு மணி நேரத்தில் பசிக்கும்.

இன்னொரு விஷயம். இதைச் சொல்லத்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்தேன்.

இவருக்குச் சர்க்கரை வியாதி. காய் சேமியா கைவந்த உற்சாகத்தில் நான் ஒரே நாளில் இட்லி, சாதம், சப்பாத்தி எல்லாவற்றையும் நிறுத்திவிட்டேன். மாத்திரை மட்டும் வழக்கம்போல் உள்ளே போனது. சாயங்காலம் முகமெல்லாம் வியர்வை, கை நடுக்கம், பேச்சில் தடுமாற்றம். விரலில் குத்திப் பார்த்தால் 58! மூன்று தேக்கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தேன். கால் மணியில் தெளிந்தார். எனக்குத்தான் வெகு நேரம் நடுக்கம் நிற்கவில்லை.

இன்சுலினும் சில வகை மாத்திரைகளும், சாப்பாடு குறைந்தது என்று தம் வேலையைக் குறைத்துக்கொள்வதில்லை. ஆகையால் சகோதரிகளே, தட்டை மாற்றுமுன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். எங்கள் டாக்டர் மருந்தின் அளவை மாற்றிக் கொடுத்தார். "ஒரேயடியாக வேண்டாம் அம்மா, பாதிப் பாதியாகச் செய்யுங்கள்" என்றார்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு பிடி சேமியாவுக்கு இரண்டு பிடி சௌசௌ. இவர் சேமியாவை மட்டும் பொறுக்கித் தின்கிறாரா என்று ஒரு கண் வைத்திருக்கிறேன்.