பழைய கஸ்கெற்: பேணுவதா, களைவதா?

யாழ்ப்பாணத்து இல்லங்களில் ஒரு பொருளை எளிதில் எறிந்துவிடும் வழக்கம் இல்லை. பிஸ்கற் தகரம் மிளகாய்த்தூள் வைக்கும் கலமாகும். பழஞ்சேலை கைக்குழந்தைக்கு ஏணையாகும். பனையிலோ வீணாகும் பகுதியே இல்லை. இச்சிக்கனம் போற்றத்தக்கது. ஆயினும், மோட்டார் வண்டியைத் தம் வீட்டு முற்றத்திலேயே கழற்றிப் பூட்டும் அன்பர்கள் இதே சிக்கனத்தை இயந்திரத்தினுள்ளும் கடைப்பிடிக்கப் புகும்போது ஒரு வினா எழுகின்றது. கழற்றிய கஸ்கெற்றைத் துடைத்து மீண்டும் பூட்டலாமா? அன்றிப் புதியது வாங்கத்தான் வேண்டுமா?

சிலவற்றைப் பேணலாம், சிலவற்றைப் பேணுவது பெருநட்டத்துக்கு வழியாகும். இவ்விரண்டையும் பிரித்தறிவது அத்துணைக் கடினமன்று.

நீத்துப்பெட்டிக்கும் பானையின் வாய்க்கும் இடையே ஆவி வெளியேறாதவாறு துணி சுற்றிப் பிட்டு அவிக்கும் இல்லத்தரசியர் யாவரும் கஸ்கெற்றின் தத்துவத்தை அறிந்தவரே. இரண்டு உலோகப் பரப்புகளை எத்துணைச் சீராகக் கடைந்தாலும் அவற்றிடையே கண்ணுக்குப் புலப்படாத மேடுபள்ளங்கள் இருந்தே தீரும். இடையில் வைக்கும் மென்மையான தகடு, போல்ற்றுகள் இறுக இறுகத் தானும் நசுங்கி அப்பள்ளங்களை நிரப்புகின்றது. நீரும் எண்ணெயும் வாயுவும் வெளியேறாமல் தடுப்பது அந்த நசுங்கும் தன்மையே. எனவே, கழற்றிய கஸ்கெற்றைக் கையில் எடுத்ததும் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது இன்னும் ஒருமுறை நசுங்குமா?

சிலிண்டர்த் தலைக்கு அடியில் இருக்கும் கஸ்கெற் இக்கேள்விக்கு ஒருபோதும் "ஆம்" என்று விடை கூறாது. 1948 இல் வெளிவந்த மொறிஸ் மைனர், 1952 முதல் 1954 வரை செய்யப்பட்ட ஒஸ்ரின் ஏ40 சோமசெற் முதலிய வண்டிகளில் இது இரண்டு மெல்லிய உலோகத் தகடுகளின் நடுவே கல்நாரை வைத்துச் செய்யப்பட்டதாக இருந்தது. சிலிண்டருக்குள் எரியும் வாயுவின் வெம்மை 2000 பாகை செல்சியசைத் தாண்டும். அதன் அழுத்தம் சதுர அங்குலத்துக்குப் பல நூறு இறாத்தல் வரை உயரும். ஒருமுறை இறுக்கப்பட்டு இவ்வெம்மையிலே பல்லாயிரம் மைல் ஓடிய கஸ்கெற், தான் இருந்த இடத்தின் அச்சாகவே இறுகிவிடும். தலையைக் கழற்றியபின் மயிரிழை பிசகாமல் அதே இடத்தில் அதனை மீண்டும் வைக்க எவராலும் இயலாது. பழையதற்கு மேல் பசையை அப்பிப் பூட்டினால் சில நாட்கள் ஓடலாம். பின்னர் நீர் எண்ணெயிற் கலக்கும். எண்ணெய் ஊற்றும் மூடியின் உட்புறத்தில் பால்கோப்பி நிறத்தில் நுரை படியும். அந்நிலையில் வண்டியைத் தொடர்ந்து ஓட்டினால் கிராங்குத் தண்டின் தாங்கிகள் தேய்ந்து அழியும். ஒரு கஸ்கெற்றின் விலையை மிச்சம் பிடித்தவர் இயந்திரம் முழுவதையும் இழக்க நேரும்.

இத்தகைய சிக்கனம் எம்மவரிடத்து வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1990 ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் போர் மீண்டும் மூண்டபின் வந்த பொருளாதாரத் தடையினால் குடாநாட்டில் பெற்றோலும் உதிரிப்பாகங்களும் கிடைத்தற்கரியனவாயின. சில துளி பெற்றோலைக் கார்புரேற்றருக்குள் விட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெயின் ஒக்டேன் எண் மிகக் குறைவு. அது சிலிண்டருக்குள் உரிய காலத்துக்கு முன்பே வெடித்துச் சம்மட்டிபோல் அடிக்கும். எரியாமல் எஞ்சியது கீழிறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும். இவ்வளவையும் தாங்கிக்கொண்டு அப்பழைய வண்டிகள் நோயாளரையும் கர்ப்பிணிகளையும் ஏற்றிச் சென்றன. கழற்றியதையே திருப்பிப் பூட்டுவதன்றி வேறு வழி அரிதாக இருந்த காலம் அது. அக்காலத்து மெக்கானிக்குகளின் கைத்திறனை எவரும் குறைத்துக் கூறார். ஆனால் வழியில்லாதபோது செய்ததை வழியுள்ளபோதும் செய்யவேண்டும் என்பதில்லை. கண்டிவீதி 2002 இல் திறந்து, 2006 இல் மூடி, போர் முடிந்த 2009 இன் பின் மீண்டும் திறந்துவிட்டது. இன்று தலைக் கஸ்கெற்றை வரவழைத்துக்கொள்ள முடியும்.

இனி, பேணக்கூடியவற்றைப் பார்ப்போம். வால்வு மூடியின் கீழுள்ள தக்கைக் கஸ்கெற் உயர்ந்த அழுத்தத்தைத் தாங்குவதன்று. தெறிக்கும் எண்ணெயைத் தடுப்பதே அதன் வேலை. விரலால் அமுக்கினால் மீள்கின்றதா, மெல்ல வளைத்தால் வெடிக்காமல் இருக்கின்றதா என்று பாருங்கள். இரண்டும் சரியாயின் துடைத்து மீண்டும் பூட்டலாம். கறுத்து ஓடுபோல் ஆகியிருந்தால் விட்டுவிடுக.

எண்ணெய் வடிக்கும் அடைப்பானின் செப்பு வளையத்துக்கு மறுபிறப்பே உண்டு. நசுங்கிய செம்பு கடினமாகும். நெருப்பிலிட்டு மங்கிய செந்நிறம் வரும்வரை காய்ச்சி நீரில் அமிழ்த்தினால் மீண்டும் மென்மை பெறும். கன்னாதிட்டிப் பொற்கொல்லர் நகையை அடிக்குந்தோறும் இடையிடையே காய்ச்சுவதும் இக்காரணம் பற்றியே. ஆழமாக வடுப்பட்டு மெலிந்த வளையத்தை மட்டும் களைந்துவிடலாம்.

நீர்ப்பம்பு, தேமோஸ்ரற் மூடி ஆகியவற்றின் காகிதக் கஸ்கெற் கழற்றும்போதே கிழியும். அதற்காகக் கவலைப்படவேண்டா. கஸ்கெற் காகிதத்தை வாங்கி, பாகத்தின் மேல் விரித்து, உருண்டைத்தலைச் சுத்தியலால் விளிம்பைச் சுற்றி மெல்லத் தட்டினால் அச்சொட்டாக வெட்டுப்படும். வீட்டுப் பிள்ளைகளுக்குப் பழக்கவும் ஏற்ற வேலை இது.

ஆனால் தலைக் கஸ்கெற்றைச் சுரண்டும் வேளையில் பிள்ளைகள் அருகில் நிற்கலாகாது. பழைய வண்டிகளின் கஸ்கெற்றில் இருக்கும் கல்நார் எல்லா வகையிலும் புற்றுநோயை விளைவிப்பது என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. அதன் தூசியைச் சுவாசித்தவருக்கு நோய் தோன்றப் பல பத்தாண்டுகள் செல்லும். ஆதலால் இன்று தீங்கு தெரியவில்லையென்று எவரும் அமைதியடைதல் கூடாது. பிரித்தானியா 1999 இல் கல்நாரை முற்றாகத் தடைசெய்தது. ஒட்டியிருக்கும் கஸ்கெற்றை நீரால் நன்கு நனைத்தபின் மெல்லச் சுரண்டுக. கம்பித் தூரிகைச் சில்லுப் பூட்டிய மின்துளைக்கருவி வேண்டா. காற்றடித்து ஊதுதலும் வேண்டா. முகத்தில் கட்டும் துணி இத்தூசியைத் தடுக்காது. சுரண்டியதை ஈரத்தோடு பொலித்தீன் பையிற் கட்டி அகற்றி, அன்று அணிந்த உடையை வீட்டாரின் உடைகளோடு சேர்க்காது தனியே தோய்த்திடுக. புதிதாக வாங்கும்போது கல்நார் இல்லாததையே கேட்டு வாங்குக.

புதியதைப் பூட்டுமுன் சிலிண்டர்த் தலை வளைந்துள்ளதா என நேர்கோல் வைத்துப் பார்த்தல் அவசியம். கஸ்கெற்றில் 'ரொப்' என ஆங்கிலத்திற் பொறித்திருந்தால் அப்பக்கம் மேலே வரவேண்டும். மொறிஸ் மைனரின் 948 கனசென்ரிமீற்றர் இயந்திரத்துக்குத் தலையின் நட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, பல சுற்றுகளில், 40 அடி-இறாத்தல் வரை இறுக்குவர். அதன்பின் வால்வு இடைவெளியை, இயந்திரம் குளிர்ந்திருக்கையில், 0.012 அங்குலமாகச் சரிசெய்தல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் சில மாதங்களில் கஸ்கெற் மீண்டும் எரிந்தால் பழியைக் கிணற்றிலே தேடலாம். எமது குடாநாடு சுண்ணாம்புக்கற் பாறையின் மேல் அமைந்தது. கேத்தலின் உட்புறத்தில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்பு, கிணற்று நீரை ஊற்றும் றேடியேற்றரிலும் சிலிண்டரைச் சுற்றியுள்ள நீர்வழிகளிலும் படிகின்றது. வெப்பம் வெளியேற வழியின்றித் தலை வளைகின்றது, கஸ்கெற் எரிகின்றது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பீப்பாய் நீரைத் தூய்மையாகப் பிடித்து மூடி வைத்தால் ஆண்டு முழுவதும் வண்டிக்குப் போதும். காய்ச்சி வடித்த நீரும் ஏற்றதே.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பலர் இருந்த வண்டியையே பழுதுபார்த்து ஓட்டப் பழகிக்கொண்டனர். அவர்களுள் புதிய யப்பானிய வண்டி வைத்திருப்போருக்கு ஓர் எச்சரிக்கை: அவற்றுட் பலவற்றின் தலைக் கஸ்கெற் பல அடுக்கு உருக்கினால் ஆனது, இறுக்கும் போல்ற்றுகளும் ஒருமுறை நீண்டு இறுகும் வகையின. அவ்வகையாயின் இரண்டையும் சேர்த்தே மாற்றுதல் வேண்டும். அவ்வேலையைத் தேர்ந்த கராஜிடம் ஒப்படைப்பதே நன்று.

சுண்ணாம்பு படிந்த றேடியேற்றரை வீட்டிலேயே கழுவும் முறையை அடுத்த வாரம் கூறுவோம்.