இருப்பிடம் எட்டு மணி நேரத்துக்கா, எப்போதுமா?

தாப்பாவிலிருந்து ரிங்லெட்டுக்கு ஏறும் வளைவுப் பாதையில் இரவு மழையில் வரும் மகன் எதுவரை வந்துவிட்டான் என்று வீட்டில் இருப்பவர்கள் கைப்பேசியில் பார்க்க முடிவது நல்லதுதான். 2017-இல் வாட்ஸ்அப்பில் வந்த நேரலை இருப்பிடப் பகிர்வு 15 நிமிடம், 1 மணி, 8 மணி என்று நாம் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் தானாக நின்றுவிடும்.

நண்பர்களுக்கான வரைபடங்கள் அப்படியல்ல. அதே ஆண்டு வந்த ஸ்னாப்சாட் வரைபடமும், 2025 ஆகஸ்டில் அமெரிக்காவில் தொடங்கிய இன்ஸ்டாகிராம் வரைபடமும் நாமே இயக்கினால்தான் இருப்பிடத்தைக் காட்டும். இயக்கிவிட்டால், செயலியைத் திறக்கும்போதெல்லாம் புது இடம் பதிவாகும். நட்பு முறிந்தபின் அந்தப் பட்டியலைத் திருத்த எத்தனை பேருக்கு நினைவு வரும்?

தோட்டத்தில் யார் எங்கே போகிறார் என்பது லயத்துக்கே தெரியும்தானே என்பார்கள். அங்கே பார்ப்பவரை நாமும் பார்க்கிறோம். வரைபடத்திலோ, வேலை முடிந்து பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணை ஒருவன் எங்கோ உட்கார்ந்து கவனிக்கலாம்.

அச்சம் தரும்படி ஒருவரைத் திரும்பத் திரும்பப் பின்தொடர்வது மலேசியாவில் 2023 மே 31 முதல் குற்றம். தண்டனைச் சட்டத்தின் 507ஏ பிரிவில் 3 ஆண்டு வரை சிறை, அபராதம் அல்லது இரண்டும் உண்டு. போலீஸ் புகாருக்குப் போகுமுன், வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருப்பது உதவும்.

ஸ்னாப்சாட்டில் 'கோஸ்ட் மோட்' போட்டால் இருப்பிடம் மறையும். இன்ஸ்டாகிராமில் பகிர்வை நிறுத்தினாலும், ஊர்ப்பெயர் சேர்த்துப் போடும் பதிவு 24 மணி நேரம் வரைபடத்தில் இருக்கும்.