நூற்பட்டியலில் இல்லாத ஊர்

மன்னாரிலிருந்து பூநகரி செல்லும் ஏ-32 வீதியில், விடத்தல்தீவைக் கடந்து வெள்ளாங்குளத்துக்கு முன்பாக வருவது இலுப்பைக்கடவை. வயலும் கடலும் அருகருகே அமைந்த ஊர். 2011 ஜனவரியில் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்ட பின்னர் அவ்வூரார் யாழ்ப்பாணம் செல்வது எளிதாயிற்று. அதற்கு முன் அவர்கள் பட்ட பாட்டை எழுதப் புகுந்தால் இக்கட்டுரை வேறு திசையிற் சென்றுவிடும்.

அவ்வூரைச் சேர்ந்த பல்கலைக்கழக மாணவன் ஒருவன் அண்மையில் என்னைக் காண வந்திருந்தான். மன்னார்ப் பகுதி நாட்டுக்கூத்தைப் பற்றி இறுதியாண்டு ஆய்வேடு எழுதுகிறான். பழைய பத்திரிகை நறுக்குகள் என்னிடம் இருக்கும் என்று யாரோ சொல்லியனுப்பியிருக்கிறார்கள். பேச்சினிடையே, பல்கலைக்கழக நூலகத்திற் போதிய நூல்கள் இல்லையா என்று கேட்டேன்.

"எங்கட ஊர்ப் பேரைப் போட்டுத் தேடிப் பாத்தன் ஐயா. ஒண்டும் வரேல்லை" என்றான்.

எந்தப் பல்கலைக்கழகம் என்பதை இங்கு எழுதப்போவதில்லை. அக்குறை ஓரிடத்துக்கு மட்டும் உரியதும் அன்று. அந்நூலகத்தின் கணினிப் பட்டியலில் தமிழ் நூல்களின் பெயர்கள் ஆங்கில எழுத்துகளிலேயே பதியப்பட்டுள்ளன. இலுப்பைக்கடவை என்பதை ஆங்கிலத்தில் எழுதும்போது ஒருவர் லகரத்தை இரட்டிப்பார். இன்னொருவர் ககரத்தை இரட்டிப்பார். மூன்றாமவர் இரண்டையும் இரட்டிப்பார். பதிந்தவர் எழுதியவாறே தேடுபவரும் எழுதினாலன்றி நூல் அகப்படாது. மூன்றாம் முயற்சியில் நீர்ப்பாசன அறிக்கை ஒன்று கிடைத்ததாம். கூத்துக்கும் அதற்கும் என்ன தொடர்பு என்று நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டோம்.

பன்மைத்துவம், உள்வாங்கல் என்ற சொற்கள் இன்று பல்கலைக்கழகக் கருத்தரங்கு அழைப்பிதழ்களில் அடிக்கடி தென்படுகின்றன. அவற்றை நான் இகழவில்லை. ஆனால் ஒரு நூலகத்தில் அச்சொற்களின் பொருள் பட்டியற் பதிவிலும் கொள்வனவுப் பட்டியலிலும் வாசற்படியிலுமே தீர்மானிக்கப்படுகின்றது என்பது என் எண்ணம்.

நமது அனுமதி முறையை எடுத்துக்கொள்வோம். மருத்துவம், பொறியியல் போன்ற கற்கைநெறிகளில் 40 சதவீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்டச் சனத்தொகை அடிப்படையிலும் வழங்கப்படுகின்றன. எஞ்சிய 5 சதவீதம் கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலதிகமாக உரியது; மன்னாரும் அவற்றுள் ஒன்று. அதாவது, இந்தப் பிள்ளைகளுக்குச் சமமான வசதி கிடைக்கவில்லை என்பதை அரசே ஏற்றுக்கொண்டு கதவைத் திறக்கின்றது. உள்ளே வந்தபின் நூலகமோ, ஆங்கிலமும் நூலகப் பழக்கமும் வீட்டிலேயே வாய்க்கப்பெற்ற ஒருவனையே தன் வாசகனாக எண்ணிக்கொண்டு இயங்குகின்றது. பள்ளியில் ஒழுங்கான நூலகத்தையே கண்டிராத பிள்ளை அங்கே யாரிடம் எதைக் கேட்பது?

நூல்களை அடுக்கும் முறையும் அப்படித்தான். 1876இல் அமெரிக்கரான மெல்வில் தூயி வகுத்த தசமப் பகுப்பைப் பல நூலகங்கள் பின்பற்றுகின்றன. அதிற் சமயத்துக்குரிய 200ஆம் வகுப்பில் 220 முதல் 280 வரை கிறிஸ்தவத்துக்கே. ஏனைய சமயங்கள் அனைத்தும் 290இல் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கின்றன: பௌத்தம் 294.3, இந்து சமயம் 294.5, இஸ்லாம் 297. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்ற முழு எண். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. சீர்காழியிற் பிறந்து, 1924இற் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, 1933இல் தமக்கெனக் கோலன் பகுப்பு முறையையே வகுத்தளித்த இரங்கநாதனின் மொழியைப் பேசும் நாம் இதைப் பற்றி இன்னும் சற்று அதிகமாகக் கூச்சப்படலாம்.

வேடிக்கை யாதெனில், மாணவனின் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். தசமப் பகுப்பில் அவனுடைய சமயத்துக்கு இடத்துக்குக் குறைவேயில்லை. அவனுடைய ஊர் மேடைதான் அங்கில்லை. மாதோட்டப் பாங்கு, யாழ்ப்பாணப் பாங்கு என இரு வகைக் கூத்துகளும் வாசகப்பாவும் பயின்ற மண் அது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் 'மூவிராசர் நாடகம்' முதலான மன்னார் நாடகங்களைப் பதிப்பித்தார். பின்னர் அவரே 1979 முதல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக இருந்தார். அவர் காட்டிய வழியில் எத்தனை பேர் அண்ணாவிமாரின் கொப்பிகளைத் தேடிப் போனோம்? 2008இற் போர் அக்கரையோரத்தைக் கடந்தபோது மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு ஓடினர். வழியில் விழுந்த கொப்பிகளை எவரும் எண்ணவில்லை. 1981இல் எரிந்த யாழ். பொது நூலகத்தின் 97,000 நூல்களை நாம் மறவாது சொல்லி வருகிறோம், சொல்லத்தான் வேண்டும்.

1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட சுமார் 75,000 முஸ்லிம்களுள் மன்னார் மக்களும் அடங்குவர். அவர்களுடைய அரபுத்தமிழ் ஏடுகளும் ஊர் வரலாறுகளும் வடபகுதிப் பல்கலைக்கழக நூலகங்கள் தேடிச் சேர்க்கவேண்டியவை. அவர்கள் கொண்டுவந்து தரட்டும் என்று காத்திருப்பது முறையன்று. 2016 ஜூலையில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் புதுமுக மாணவர் வரவேற்பின்போது தமிழ், சிங்கள மாணவர்கள் மோதிக்கொண்டதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். அவ்விரு சாராரும் ஒரே மேசையில் அமரக்கூடிய இடம் நூலகமே. அங்கே சிங்கள மாணவன் தன் மொழியில் வாசிக்க நாலு நூல் இருப்பதால் தமிழுக்கு எக்குறையும் நேர்ந்துவிடாது. தென்னிலங்கைப் பல்கலைக்கழகங்களில் நம் பிள்ளைகளுக்கு நாம் கேட்பதும் இதைத்தானே.

படிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொதுக் கட்டடங்களில் மாற்றுத்திறனாளிகள் சென்றுவர வசதி இருக்கவேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் இந்நாட்டில் 2006இலேயே வெளியாகின. போரிற் காலிழந்தவர்கள் வாழும் மாகாணத்தில் இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை.

பணமில்லை என்பார்கள். உண்மைதான், 2022இல் நாடு பட்ட பாட்டுக்குப் பின்னர் வெளிநாட்டு நூலொன்றை வாங்குவதே பெரும்பாடு என்பதை நூலகர் எவரும் சொல்வர். ஆனால் பட்டியலில் தமிழ்ப் பெயரைத் தமிழிலேயே பதிவதற்கு வெளிநாட்டு நாணயம் வேண்டாம். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளம் பெரும்பாலும் தன்னார்வலர் உழைப்பாலேயே ஈழத்து நூல்களை மின்வடிவில் திரட்டிக் காட்டியது. ஒரு பல்கலைக்கழகத்தால் ஆண்டுக்கு இரண்டு மாணவரை ஒரு ஒளிப்படக் கருவியுடன் மாந்தை மேற்குக் கிராமங்களுக்கு அனுப்ப முடியாதா?

புறப்படும்போது அவன் ஒன்று சொன்னான். அவனுடைய பாட்டனார் ஒரு கூத்தில் மந்திரியாக ஆடியவராம். அவர் கைப்பட எழுதிய கொப்பி, இடப்பெயர்விலும் தப்பி, இப்போது வீட்டில் ஒரு பொலித்தீன் பைக்குள் இருக்கின்றதாம். நூலகத்திற் கொடுத்தால் ஏற்பார்களா என்று கேட்டான். விசாரித்துச் சொல்வதாகக் கூறியிருக்கிறேன்.