தளம் முடங்கியது... ‘ஸ்டேட்டஸ்’ மட்டும் பச்சை! - இணையதளங்களைக் கண்காணிப்பது யார்?

2025 நவம்பர் 18, மாலை 4.50 மணி. எக்ஸ் தளம் திறக்கவில்லை. சாட்ஜிபிடி-யும் திறக்கவில்லை. ‘நம்ம நெட்தான் போச்சோ’ என்று ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்தவர்கள் அடுத்து போன இடம் டவுன்டிடெக்டர். எந்தத் தளம் முடங்கியிருக்கிறது என்று சொல்வதற்காகவே இருக்கும் அந்தத் தளமும் அன்று தடுமாறியது!

காரணம், இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கும் கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தில் ஏற்பட்ட கோளாறு. அதைவிட சுவாரஸ்யம், அந்த நிறுவனத்தின் ‘ஸ்டேட்டஸ் பேஜ்’ எனப்படும் சேவை நிலவரப் பக்கமும் அதே நேரத்தில் திறக்காமல் போனது. அந்தப் பக்கம் வேறு இடத்தில், தங்கள் நெட்வொர்க்கைச் சாராமல்தான் இயங்குகிறது என்றது நிறுவனம். இரண்டும் ஒன்றாக நடந்தது தற்செயல். ஆனால், ‘யாரோ அட்டாக் பண்றாங்க’ என்று இன்ஜினீயர்கள் சிலர் முதலில் சந்தேகிக்க அதுவும் ஒரு காரணமானது. உண்மையில் நடந்தது, டேட்டாபேஸ் அனுமதிகளில் செய்த ஒரு மாற்றம்.

வாட்ச்மேனும் உள்ளேயே மாட்டிக்கிட்டா?

கிளவுட்ஃப்ளேர் விஷயத்தில் அது தற்செயல். அமேசான் விஷயத்தில் அப்படி இல்லை. 2017 பிப்ரவரி 28 அன்று, அமேசானின் எஸ்3 சேமிப்புச் சேவையில் பில்லிங் பிரச்னை ஒன்றைச் சரிசெய்துகொண்டிருந்த ஊழியர், ஒரு கட்டளையைத் தவறாக டைப் செய்தார். சில சர்வர்களை நீக்க வேண்டிய இடத்தில் நிறைய சர்வர்கள் நீங்கின. பல தளங்கள் முடங்கின.

ஆனால், அமேசானின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் சேவைகளுக்கு எதிரே இருந்த பச்சைக் குறிகளை சுமார் 2 மணி நேரம் மாற்றவே முடியவில்லை. ஏன்? அந்தப் பக்கத்தை அப்டேட் செய்யும் கருவியே எஸ்3-ஐ நம்பித்தான் இருந்தது. கடைசியில் ட்விட்டரில்தான் தகவல் சொன்னார்கள். தீப்பிடித்த வீட்டுக்குள் வாட்ச்மேனும் மாட்டிக்கொண்ட கதை. பிறகு அந்தக் கருவியைப் பல பகுதிகளிலிருந்து இயங்கும்படி மாற்றினார்கள்.

நாமே வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசமாக. இப்போது அதிகம் பேசப்படுவது ‘அப்டைம் குமா’. லூயிஸ் லாம் என்ற டெவலப்பர் 2021-ல் வெளியிட்ட ஓப்பன் சோர்ஸ் மென்பொருள். (குமா என்றால் ஜப்பானிய மொழியில் கரடி.) ஒரு சின்ன சர்வர் இருந்தால் போதும், சில நிமிடங்களில் நிறுவிவிடலாம். இதேபோல கேட்டஸ், கேச்செட் என வேறு கருவிகளும் உண்டு.

வேலை ரொம்ப சிம்பிள். சொல்லிவைத்த முகவரியை 60 விநாடிக்கு ஒருமுறை தட்டிப் பார்க்கும். சரியான பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு, உடனே டெலிகிராமிலோ மெயிலிலோ அலர்ட். அதே தகவலை வாடிக்கையாளர்கள் பார்க்கும் ஸ்டேட்டஸ் பக்கமாகவும் காட்டும். தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழ் காலாவதியாகப் போகிறது என்றால் முன்கூட்டியே சொல்லிவிடும்.

பக்கம் திறக்கிறது, ஆனால் பேமென்ட் போகவில்லை என்றால்? வெறும் பதிலை மட்டும் பார்க்கும் கருவி ‘எல்லாம் ஓகே’ என்றுதான் சொல்லும். அதனால்தான் பக்கத்தில் குறிப்பிட்ட ஒரு வார்த்தை வருகிறதா என்று தேடச் சொல்லும் வசதியும் இதில் இருக்கிறது. பலர் இதைக் கண்டுகொள்வதே இல்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நிறைய பேர் குமாவை, எந்த சர்வரைக் கண்காணிக்க வேண்டுமோ அதே சர்வரில் நிறுவுகிறார்கள். சர்வர் விழுந்தால் கரடியும் விழும், அலர்ட் வராது. அமேசான் செய்த அதே தப்பு! ஆபீஸ் கம்ப்யூட்டரில் வைத்தாலும் தலைவலிதான். அங்கே நெட் போனால், நன்றாக இயங்கும் தளங்களும் முடங்கிவிட்டதாகச் சிவப்பு காட்டும். வேறொரு நிறுவனத்தின் சர்வரில் வைப்பதும், அந்தக் குமா உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க வெளியே இன்னொரு கருவி வைப்பதும்தான் வழி.

பச்சையை நம்பினால் யாருக்கு நஷ்டம்?

பெரிய நிறுவனங்களின் ஸ்டேட்டஸ் பக்கங்கள் பெரும்பாலும் தானாக மாறுவதில்லை. உள்ளே இருக்கும் ஒருவர் முடிவு செய்து மாற்ற வேண்டும். சிவப்பு என்று ஒப்புக்கொள்வது நிறுவனத்துக்குச் சங்கடம், சில நேரம் செலவும்கூட. எஸ்3-ஐயே எடுத்துக்கொள்வோம். சாதாரண எஸ்3 சேமிப்பில், ஒரு மாதத்தில் சேவை 99.9 சதவீதத்துக்குக் கீழே போனால், கட்டணத்தில் 10 சதவீதத்தைக் கழிவாகக் கேட்கலாம். 99-க்குக் கீழே என்றால் 25 சதவீதம். 30 நாள் மாதத்தில் 99.9 என்பது சுமார் 43 நிமிட முடக்கம்தான்.

ஆனால், இந்தக் கழிவு தானாக வராது. வாடிக்கையாளர்தான் தேதி, நேரம், பிழைகளைக் காட்டும் பதிவுகளோடு விண்ணப்பிக்க வேண்டும். நிறுவனத்தின் பக்கம் நாள் முழுக்கப் பச்சையாக இருந்திருந்தால், எந்த நேரத்துப் பதிவைத் தேடுவது என்றே தெரியாது. வெளியே தனியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு குமாவில், எத்தனை மணிக்கு விழுந்தது, எத்தனை மணிக்கு எழுந்தது என்ற கணக்கு நிமிட வாரியாக இருக்கும்.