வீட்டிற்குள் தொடரும் சிறை



யேர்மன் பாடசாலைகளில் எமது பிள்ளைகள் படிக்கும் கதைகளைக் கண்டு, "இந்த இளம் வயதில் சிறையும் சித்திரவதையும் எதற்கு?" என்று முகம் சுழிக்கும் பெற்றோர் எம்மிடையே உளர். அந்த அச்சம் அன்பிலிருந்து பிறப்பதே. ஆயினும் அக்கதைகளைப் பிள்ளைகளிடமிருந்து மறைப்பது தவறு என்பதே எமது கருத்து.

ஸ்ரெபான் ஸ்வைக் எழுதிய 'சதுரங்கக் கதை' இங்குள்ள பாடசாலைகளில் பரவலாகக் கற்பிக்கப்படுகின்றது. நாஸிகளுக்குத் தப்பிப் புலம்பெயர்ந்த அவர், பிரேசிலில் தம் வாழ்வின் இறுதி மாதங்களில் எழுதிய கதை அது. வியன்னா நகர விடுதி அறையொன்றில் கெஸ்ராப்போவினர் ஒருவரைத் தனிமையில் அடைக்கின்றனர். அடியில்லை, உதையில்லை. பேசுவதற்கு ஆளுமில்லை, படிப்பதற்கு எழுத்துமில்லை. களவாக எடுத்த சதுரங்க நூலொன்று முதலில் அவரது அறிவைக் காக்கின்றது. பின்னர் மனத்திற்குள் தம்மோடு தாமே ஆடி, இரண்டாகப் பிளவுறுகின்றார். விடுதலை பெற்ற பின்னரும் ஒரு சதுரங்கப் பலகையின் முன் அமர்ந்ததும் அந்த அறை அவருக்குள் திரும்பி வந்துவிடுகின்றது.

2009 ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்ற ஹேர்டா முல்லர், அதே ஆண்டு வெளியிட்ட 'மூச்சூஞ்சல்' என்ற நாவல் இன்னும் ஆழமானது. 1945 சனவரியில் ருமேனியாவில் வாழ்ந்த யேர்மன் இனத்தவர் சோவியத் கட்டாய உழைப்பு முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். நாவலின் நாயகன் பதினேழு வயது இளைஞன். பசியோடு ஐந்து ஆண்டுகள் போராடி வீடு திரும்புகின்றான். வீட்டார் எதுவும் கேட்கவில்லை. அவனும் எதுவும் சொல்லவில்லை.

ஆசிரியரின் தாயாரும் இத்தகைய முகாமில் ஐந்து ஆண்டுகள் இருந்தவர். ஹிட்லரோடு கூட்டுச் சேர்ந்திருந்த தன் கடந்தகாலத்தை நினைவுபடுத்தும் என்பதால், ருமேனிய நாட்டில் அதுபற்றிப் பேசுவதே தடையாக இருந்தது. அந்த மௌனத்தின் நடுவில் வளர்ந்த மகள், முகாமிலிருந்து மீண்ட கவிஞர் ஒஸ்கார் பஸ்ரியோரின் நினைவுகளைக் கேட்டெழுதியே இந்நாவலை உருவாக்கினார்.

இந்த மௌனம் எமக்குப் புதியதா? 1983 யூலை 25, 27 ஆம் நாட்களில் வெலிக்கடைச் சிறையில் 53 தமிழ்க் கைதிகள் கொல்லப்பட்டனர். அச்சிறையின் நினைவு ஷோபாசக்தியின் 'ம்' நாவலில் 2004 இல் பதிவாயிற்று. ஆனால் தடுப்பு முகாம்களையும் சிறைகளையும் கடந்து இங்கு வந்த எத்தனையோ தந்தையரும் தாயரும் தம் பிள்ளைகளிடம் ஒரு சொல்லும் சொன்னதில்லை. காரணமறியாத கோபத்தையும் நள்ளிரவு அலறலையும் மட்டுமே பிள்ளைகள் அறிவர். சொல்லப்படாத சிறை வீட்டை விட்டு வெளியேறுவதில்லை.

இளையோரே, பெற்றோரை விசாரணை செய்யாதீர்கள். அவர்கள் போதிய விசாரணைகளைக் கண்டவர்கள். படித்த கதையை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். அவர்கள் பேசினால் கேளுங்கள், பேசாவிட்டால் பொறுத்திருங்கள்.

பெற்றோரே, அனைத்தையும் கூறவேண்டியதில்லை. சொல்லத் தாங்காதவற்றிற்கு மருத்துவ உதவி நாடுவது இழுக்குமல்ல. சித்திரவதைக்கு உள்ளானோருக்கென 1992 இலேயே பேர்லினில் சிகிச்சை நிலையம் தொடங்கப்பட்டுவிட்டது. உங்கள் பிள்ளை இருண்ட கதையொன்றோடு உங்களிடம் வரும்போது, நூலை மூடச் சொல்லாதீர்கள். அருகில் அமருங்கள். அவர்கள் கேட்கத் துணியாத கேள்வி அந்நூலுக்குள் இருக்கக்கூடும்.