பழைய வேலையைக் கேட்டுப் பதிவு செய்யுங்கள்

செயலர் அவர்களுக்கு,
மக்கள் நல்வாழ்வுத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை.



2000ஆம் ஆண்டு வரை நம் நாட்டில் காரீயம் கலந்த பெட்ரோல் விற்கப்பட்டது. அந்தப் புகையில் அண்ணா சாலையில் நாள் முழுக்க நின்ற போக்குவரத்துக் காவலர்களும், ஆட்டோ ஓட்டியவர்களும் இன்று அறுபதை நெருங்குகிறார்கள், பலர் தாண்டிவிட்டார்கள். காரீய எழுத்துகளைக் கையால் கோத்துப் பத்திரிகைகளைக் கொண்டுவந்த அச்சுக்கோப்பாளர்களுக்கும் வயதாகிவிட்டது. பழைய பேட்டரியை உடைத்துக் காரீயம் உருக்குபவர்களோ இன்றும் அதே புகையில் நிற்கிறார்கள்.

ரத்தத்தில் கலந்த காரீயம் ஏறக்குறைய ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும். ஆனால் உடலை விட்டு முழுதாகப் போய்விடுவதில்லை. எலும்பில் கால்சியத்தின் இடத்தைப் பிடித்துக்கொண்டு பத்து, இருபது ஆண்டுகள் தங்கும். முதுமையில் எலும்பு தேயும்போது மறுபடி ரத்தத்தில் இறங்கும். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பு வேகமாகத் தேய்வதால் இதுவும் கூடுதலாக நடக்கும். அந்த ரத்தம்தான் மூளைக்கும் போகிறது.

பெட்ரோலில் கலக்கும் காரீயச் சேர்மத்தைத் தயாரித்த அமெரிக்க ஆலையொன்றின் முன்னாள் தொழிலாளர்களை ஆராய்ந்து 2000இல் ஒரு கட்டுரை வெளிவந்தது. வேலையை விட்டுப் பல ஆண்டுகள் ஆன பிறகும் அவர்களுடைய அறிவுத்திறன் சரிந்துகொண்டே இருந்தது. பாஸ்டனில் முதிய ஆண்களின் எலும்பிலுள்ள காரீயத்தை எக்ஸ்ரே கதிரால் அளந்தவர்களும் இதே போக்கைக் கண்டார்கள். ஒரு நோயாளியைக் காட்டி, இவர் மறதிக்குக் காரீயமே காரணம் என்று சொல்ல முடியாதுதான். ரத்தக்கொதிப்பும் சர்க்கரையும் காற்று மாசும் சேர்ந்தே மூளையைக் கெடுக்கின்றன. அதற்காகப் பழைய வேலையைக் கேட்காமலே விட்டுவிடுவது எந்த விதத்தில் நியாயம்? இந்தியாவில் அறுபது வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு மறதிநோய் இருப்பதாக மதிப்பிட்டிருக்கிறார்கள்.

மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்தின் ஊழியர்கள் 2021 முதல் வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள். எத்தனையோ கதவுகளை அவர்கள் நமக்காகத் திறந்திருக்கிறார்கள். ‘முன்பு என்ன வேலை பார்த்தீர்கள், எத்தனை வருடம்?’ என்ற கேள்வியையும் அவர்கள் பதிவேட்டில் சேருங்கள். பழைய பாதிப்பை ரத்தப் பரிசோதனை முழுதாகக் காட்டாது என்பதால் இந்தக் கேள்விக்கு மதிப்பு அதிகம். காரீயத்தோடு புழங்கியவர் என்று தெரிந்தால் நினைவாற்றல் பரிசோதனைக்கு முன்கூட்டியே அனுப்பலாம்.

இன்றும் பேட்டரி உருக்குபவர்களுக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காரீய அளவு பார்க்கும் ரத்தப் பரிசோதனை இலவசமாகக் கிடைக்க வேண்டும். வேலை உடுப்போடு தூசியும் வீட்டுக்குள் வருகிறது. ஆகவே அவர்கள் மனைவி மக்களுக்கும் அந்தப் பரிசோதனை வேண்டும். முடிவுகள் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் போகட்டும். எந்தப் பட்டறையை முதலில் சோதிக்க வேண்டும் என்பதை அவை சொல்லும்.

இப்படிக்கு,
ஆசிரியர்